ஈரோட்டுக்கு வருகிறவர்கள் ஏன் தங்குவதில்லை?

நடுத்தர நகரம் ஒன்றுக்கு வெளியூர்க்காரர்களை வரவழைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கும். பூங்கா கட்டுங்கள், நீரூற்று வையுங்கள், ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தி விளக்குப் போடுங்கள் என்பது ஒன்று. “நம்ம ஊர்ல பார்க்கறதுக்கு என்னங்க இருக்கு?” என்று கைவிரிப்பது இன்னொன்று. ஈரோட்டில் இரண்டும் பழகிய குரல்கள். மலை ஏற வேண்டுமென்றால் ஊட்டியும் ஏற்காடும் பக்கத்திலேயே இருக்கின்றன, பெரிய நகரம் வேண்டுமென்றால் கோவை இருக்கிறது, நடுவில் ஈரோட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்பதுதான் பொதுவான எண்ணம்.

ஆனால் ஈரோட்டுக்கு ஆள் வரத்துக்குப் பஞ்சமே இல்லை. வாரா வாரம் பக்கத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் வந்துபோகிறார்கள். வந்த வேலை முடிந்ததும் அடுத்த ரயிலைப் பிடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். ஏற்கெனவே வருகிறவர்களை இன்னும் சில மணி நேரம் ஊரில் இருக்க வைப்பதுதான் முதல் வேலை, புது ஆட்களைத் தேடுவது அதற்குப் பிறகு வர வேண்டிய வேலை. ஏன் அப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

சுற்றுலாத் துறைக் கணக்கில், தான் வழக்கமாகப் புழங்கும் வட்டாரத்தை விட்டு வெளியூர் போய், ஓராண்டுக்குள் திரும்பிவிடுகிறவர் எல்லாருமே ‘வருகையாளர்’. போன ஊரில் ஓர் இரவாவது தங்கினால் அவர் சுற்றுலாப் பயணி. தங்காமல் அன்றே திரும்பினால் பகல் வருகையாளர். வேடிக்கை பார்க்க வந்தாரா, சரக்கு வாங்க வந்தாரா, சாமி கும்பிட வந்தாரா என்பது இந்த வகைப்பாட்டுக்குப் பொருட்டல்ல. கடைக்குச் சரக்கெடுக்க வந்த பாலக்காட்டு வியாபாரியும் இந்தக் கணக்கில் வருகையாளர்தான்.

அடுத்தது ‘தங்கும் நேரம்’. ஒருவர் ஊருக்குள் இறங்கியதிலிருந்து வெளியேறும் வரை உள்ள மணிக்கணக்கு இது. ஒரு மணி நேரம் இருப்பவர் டீ குடிப்பார். நான்கு மணி நேரம் இருந்தால் சாப்பாடும் சாப்பிடுவார், ஆட்டோ பிடிப்பார், வீட்டுக்கு ஏதாவது வாங்குவார். இரவு தங்கினால் அறை வாடகை, இரவுச் சாப்பாடு, காலைப் பலகாரம் என்று செலவு கூடிக்கொண்டே போகும். ஆட்களின் எண்ணிக்கை கூடாமலே ஊரின் வருமானம் கூடுவது இப்படித்தான்.

மூன்றாவது ‘கசிவு’. வருகையாளர் செலவழித்த பணத்தில் எவ்வளவு ஊருக்குள் நிற்கிறது, எவ்வளவு வெளியே போய்விடுகிறது என்பது. வெளியூர் நிறுவனத்தின் உணவகத்தில் கொடுக்கும் நூறு ரூபாயில் ஒரு பங்கு தலைமையிடத்துக்குப் போய்விடும். கருங்கல்பாளையத்தில் ஒருவர் நடத்தும் மெஸ்ஸில் கொடுத்தால், அந்த நூறில் பெரும்பகுதி காய்கறிக்கும் அரிசிக்கும் கூலிக்குமாக இதே ஊரில் இன்னொரு சுற்று சுற்றும்.

இப்போது யார் வருகிறார்கள்?

1. ஜவுளி வாங்க வருகிறவர்கள். பன்னீர்செல்வம் பூங்காவை ஒட்டிய கனி மார்க்கெட்டையும் சுற்றியுள்ள தெருக்களையும் பிடித்துத் திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் வாரச் சந்தைதான் ஈரோட்டின் பெரிய ஈர்ப்பு. வேட்டி, லுங்கி, துண்டு, நைட்டி, பாவாடை, குழந்தைத் துணி எல்லாம் டசன் கணக்கிலும் கட்டுக் கணக்கிலும் விலை பேசப்படும். கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று பல பக்கமிருந்தும் சின்னக் கடைக்காரர்கள் இரவு ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்குவார்கள். விடிவதற்குள் பாதி வியாபாரம் முடிந்திருக்கும். வாங்கிய சரக்கைச் சாக்கில் போட்டுத் தைத்து, மேலே மையால் ஊர்ப் பெயர் எழுதி, பார்சல் சர்வீசில் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடையைக் கட்டுவார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் அந்தத் தெருக்களில் நடக்கவே இடம் இருக்காது.

2. மஞ்சள் வியாபாரத்துக்கு வருகிறவர்கள். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த வட்டாரத்துக்கே உரிய பொருள் என்ற அரசு அடையாளம், கிடைத்தது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஏலம் நடக்கிறது.

3. மாடு வாங்க, விற்க வருகிறவர்கள். கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கும் வெளிமாநில வியாபாரிகள் வருகிறார்கள்.

4. வண்டி மாறுகிறவர்கள். ஈரோடு பெரிய ரயில் சந்திப்பு. சேலம், கோவை, கரூர் என மூன்று பக்கமும் பாதை பிரிவதால், அடுத்த வண்டிக்காக இரண்டு மூன்று மணி நேரம் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருப்பவர்கள் எந்நேரமும் உண்டு.

5. கோயிலுக்குப் போகிறவர்கள். பவானி கூடுதுறை, கொடுமுடி, சென்னிமலை, பண்ணாரி எல்லாவற்றுக்கும் ஈரோடு வழியாகப் போகலாம். பெரும்பாலோர் ஊருக்குள் நிற்பதில்லை.

ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் வருகிறவர்கள் தனி. எல்லாரையும் சேர்த்தால் இது வெறிச்சோடிய ஊர் அல்ல என்பது தெரியும்.

பிறகு ஏன் கிளம்பிவிடுகிறார்கள்?

நேரம் ஒரு காரணம். ஜவுளிச் சந்தையின் உச்ச நேரம் இரவும் விடியற்காலையும். அந்த நேரத்தில் சாப்பிட, குளிக்க, சரக்கு மூட்டையை நம்பி வைக்க, ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கத் தோதான இடங்கள் குறைவு. விடிந்து ஊர் திறப்பதற்குள் வியாபாரி கிளம்பிவிடுகிறார். கடைகள் திறந்திருக்கும் நேரமும் ஆள் இருக்கும் நேரமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

நடை இரண்டாவது காரணம், என் பார்வையில் இதுதான் பெரியது. ஈரோட்டில் பார்க்கத் தகுந்தவை ஒன்றுக்கொன்று தூரத்தில் இல்லை. பன்னீர்செல்வம் பூங்கா, பெரிய மாரியம்மன் கோயில், பிரப் ரோட்டில் உள்ள பழைய சர்ச், மணிக்கூண்டு, பெரியார் - அண்ணா நினைவகம், கோட்டைப் பகுதியின் ஈஸ்வரன், பெருமாள் கோயில்கள் எல்லாம் நடந்தே பார்த்துவிடக்கூடியவை. ஆனால் நடைபாதையில் வண்டி நிற்கிறது, கடைச் சாமான் நீட்டிக்கொண்டிருக்கிறது, தார் ரோட்டில் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். கையில் குழந்தையோடு வந்த குடும்பம் பத்து நிமிடத்தில் ஆட்டோ ஏறிவிடும்.

மூன்றாவது வெயில். கோடையில் தமிழ்நாட்டின் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களில் ஈரோடும் ஒன்று, 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். பகல் பன்னிரண்டு மணிக்கு எந்தத் திட்டமும் இங்கே எடுபடாது. அதிகாலை, மாலை, இரவு ஆகிய மூன்று பொழுதுகளுக்காகத்தான் யோசிக்க வேண்டும்.

நீரூற்றும் பொம்மையும் ஏன் கைகொடுப்பதில்லை?

இதைப் புரிந்துகொள்ள மாநகராட்சிப் பணத்தின் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டுமானத்துக்கான பணம் பெரும்பாலும் மேலிருந்து வரும். நகரங்களை மேம்படுத்தும் ஒன்றிய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டப் பட்டியலில் ஈரோடு 2018 ஜனவரியில் சேர்ந்தது, கனி மார்க்கெட் இடத்தில் புது வணிக வளாகம், பெரும்பள்ளம் ஓடைச் சீரமைப்பு போன்ற வேலைகள் அதில் நடந்தன. அந்தத் திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. கட்டியதைப் பெருக்கவும் துடைக்கவும் மோட்டார் பழுது பார்க்கவும் ஆகும் செலவு மாநகராட்சியின் சொந்த வருமானத்திலிருந்து, அதாவது சொத்து வரி, கடை வாடகை போன்றவற்றிலிருந்து வர வேண்டும். நீரூற்று மாதிரியான அலங்காரத்துக்குத் தன் செலவைத் தானே ஈட்டும் வழி கிடையாது. முதல் பழுதிலேயே நின்றுபோவது அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்க்க யாரும் பஸ் ஏறி வரமாட்டார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நல்ல பூங்கா வேண்டும், அதில் கருத்து வேறுபாடே இல்லை. அதை உள்ளூர்த் தேவை என்றே சொல்லிச் செய்யலாம், சுற்றுலாக் கணக்கில் எழுத வேண்டாம்.

அப்படியானால் எதைச் செய்யலாம்?

1. திங்கள் இரவுச் சந்தையைச் சுற்றி ஓர் உணவுத் தெரு.

ஆள் ஏற்கெனவே இருக்கும் இடத்தில், இருக்கும் நேரத்தில் கடை வைப்பது இது. பள்ளிபாளையம் சிக்கன், சந்தகை, ஒப்புட்டு, அரிசியும் பருப்பும் சாதம், கம்மங்கூழ் என்று கொங்குச் சமையலுக்கே உரியவை பல இருக்கின்றன. பள்ளிபாளையம் ஆற்றுக்கு அக்கரையில்தான் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரில் தேங்காய்ச் சில்லும் காய்ந்த மிளகாயும் போட்டு வறுத்த கோழியைத் தமிழ்நாடு முழுக்க விற்கிறார்கள், பிறந்த இடத்தில் அதற்கென ஒரு தெரு இல்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019-லேயே ஆணை போட்டது. தள்ளுவண்டிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் பத்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் தெரு வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், எந்தத் தெருவில் எந்த நேரம் விற்கலாம் என்பதை அந்தக் குழுவின் யோசனையோடு முடிவு செய்யலாம். ஆக, சட்டத்தில் இடம் இருக்கிறது. தேவைப்படுவது வெளிச்சம், தண்ணீர்க் குழாய், சுத்தமான கழிப்பறை, குப்பை அள்ளும் வண்டி, சரக்கு மூட்டை வைக்க ரசீதோடு ஓர் அறை. இவற்றில் எதற்கும் பெரிய பணம் வேண்டாம். கழிப்பறையை நான் முதலில் வைப்பேன். பெண் வியாபாரிகள் ஊரை விட்டுச் சீக்கிரம் கிளம்புவதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

2. மஞ்சள் ஏலத்தைப் பார்க்கவிடுவது.

ஏலக்கூடத்தில் நடப்பது பார்க்கத் தகுந்த காட்சி. விவசாயி கொண்டுவந்த மாதிரியை வியாபாரிகள் கையில் எடுத்து எடை பார்ப்பார்கள், விரலி மஞ்சள் ஒன்றை ஒடிப்பார்கள். நன்றாகக் காய்ந்த மஞ்சள் ‘டக்’கென்று உலோகம் போல ஒலித்து உடையும். உடைந்த முகத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் விலை எழுதுவார்கள். விரல் போல நீண்ட விரலிக்கு ஒரு விலை, உருண்டையான கிழங்குக்கு ஒரு விலை. வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நின்று பார்க்க ஒரு மேடை, எடுத்துச் சொல்ல ஓர் ஆள், வெளியே வரும்போது ஊர்ப் பெயரும் குறியீடும் அச்சிட்ட கால் கிலோ பொட்டலம் இருந்தால் போதும்.

தை முதல் பங்குனி வரையிலான அறுவடைக் காலத்தில் வயலையும் சேர்த்துக் காட்டலாம். தோண்டுவது, வேகவைப்பது, களத்தில் காயப்போடுவது, மெருகேற்றுவது என்று நான்கு கட்டமும் ஒரே பகலில் பார்க்கும்படி பக்கத்துக் கிராமங்களில் நடக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளை முதலில் கூட்டிப் போகலாம்.

இதே வழியில் பவானி ஜமக்காளத் தறிகளையும் சேர்க்க வேண்டும். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நேரில் பார்த்தவர் கொடுக்கத் தயங்காத விலையைப் பார்க்காதவர் கொடுக்கமாட்டார், விசைத்தறியில் ஓடிய மலிவுச் சரக்கும் கைத்தறியும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான்.

3. காலிங்கராயன் வாய்க்கால்.

ஈரோட்டின் மிகப் பெரிய சொத்து இதுதான் என்று நினைக்கிறேன். 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்ற கொங்குத் தலைவர் வெட்டியது. பவானி ஆற்றில் அணை கட்டித் தண்ணீரைத் திருப்பி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து கொண்டுபோய் நொய்யலில் சேர்க்கிறது. பாம்பு ஊர்ந்து வழி காட்டியது என்பது ஊர்க்கதை. தண்ணீர் வேகமெடுத்துக் கரையை அரிக்காமலும், கூடுதல் வயல்களுக்குப் பாயவும், மேட்டின் ஓரத்தைப் பிடித்தே வாய்க்காலை வளைத்திருக்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் 15,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது. அது மாநகரை ஒட்டியே ஓடுகிறது, ஊர்க்காரர்களில் பாதிப் பேர் அதை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடக்கிறார்கள்.

சாயக்கழிவும் தோல் ஆலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் கலந்ததுதான் காரணம். கழிவைத் தனியே கொண்டுபோக வாய்க்காலை ஒட்டியே கான்கிரீட்டில் ‘பேபி கால்வாய்’ கட்டினார்கள். கழிவு தோன்றும் இடத்திலேயே சுத்திகரித்து நிறுத்தாத வரை, ஒரு கால்வாயிலிருந்து இன்னொரு கால்வாய்க்கு மாற்றுவது பாதித் தீர்வுதான்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் தண்ணீர், பிறகு மரம், கடைசியாகத்தான் நடைபாதை. கோவைக் குளங்களில் ஸ்மார்ட் சிட்டி பணத்தில் போட்ட கரைகளில் மாலையில் கூட்டம் அலைமோதுகிறது, தண்ணீர்க்கரைக்கு மக்கள் எவ்வளவு ஏங்குகிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் கல்லும் கான்கிரீட்டும் முதலில் வந்தால் பணம் அதிலேயே தீர்ந்துவிடும், நாற்றம் அப்படியே இருக்கும். கருங்கல்பாளையத்தை ஒட்டி ஒரு கிலோமீட்டர் மட்டும் எடுத்துக்கொண்டு, கழிவு விழும் வாய்களை ஒவ்வொன்றாக அடைத்து, கரையில் புங்கனும் வேம்பும் நட்டு, மண் பாதை போட்டால் முதல் கட்டத்துக்கு அது போதும். அது நடந்தால் தை 5-ஆம் தேதி காலிங்கராயன் நாளுக்கு அணைக்கட்டுக்குப் போகிற கூட்டம், ஊருக்குள்ளும் வாய்க்கால் ஓரம் நடக்க வரும்.

4. ஆண்டுக்கு ஒரு நாட்காட்டி.

புதிதாக விழா எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இருப்பவற்றைக் கோத்தாலே போதும். ஆடியில் கூடுதுறையில் பதினெட்டாம் பெருக்கு, அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை. ஆகஸ்டில் 2005 முதல் நடந்துவரும் ஈரோடு புத்தகத் திருவிழா. குளிர்காலத்தில் வெள்ளோட்டில் பறவைகள், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் ஏறிய ஏரி அது. தையில் மஞ்சள் அறுவடை. பங்குனியில் பெரிய மாரியம்மன் வகையறா கோயில்களின் திருவிழா. கடைசி நாள், கோயில் முன் நட்டிருந்த கம்பத்தைப் பிடுங்கி ஊர்வலம் போகும்போது வேன்களில் டிரம் டிரம்மாக மஞ்சள் நீர் நிரப்பித் தெருத்தெருவாக ஊற்றி விளையாடுவார்கள், ரோடே மஞ்சளாகிவிடும். வெளி மாவட்டத்துக்காரர்கள் பலருக்கு இப்படி ஒரு நாள் இருப்பதே தெரியாது.

டிசம்பர் 22 மட்டும் காலியாகக் கிடக்கிறது. கணித மேதை ராமானுஜன் 1887-இல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்த நாள் அது, தேசிய கணித தினமும் அதுதான். வளர்ந்தது கும்பகோணம் என்பதால் பெயர் அங்கே போய்விட்டது. சதுரங்கம், புதிர், மாயச் சதுரம், மாணவர் போட்டி என்று மூன்று நாள் கணிதத் திருவிழா நடத்த ஈரோட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் பெற்றோரும் கூடவே வருவார்கள், இரவும் தங்குவார்கள்.

5. ஒரு நாள் சுற்று.

காலையில் வெள்ளோடு, அப்புறம் சென்னிமலை முருகனும் போர்வைத் தறிகளும், அரச்சலூர் மலையில் இசை எழுத்துகள் பொறித்த பழந்தமிழ்க் கல்வெட்டு, ஓடாநிலையில் தீரன் சின்னமலை நினைவிடம், நொய்யல் கரையில் சங்ககால மணி செய்தொழில் நடந்த கொடுமணல். எல்லாம் ஈரோட்டுக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் ஒரே பகலில் அடங்கும். சனி, ஞாயிறு மட்டும் ரயில் நிலையத்திலிருந்து ஒரு பஸ் விட்டுப் பார்க்கலாம். கொடுமணலில் இன்று போய் நின்றால் வெறும் வயல்தான் தெரியும். தோண்டியெடுத்தவற்றை விளக்கும் ஒரு சின்னக் கூடம் அங்கேயே இல்லாமல் பஸ் விட்டுப் பயனில்லை.

யாருக்கு என்ன ஆகும்?

ஊர் கலகலப்பானால் எல்லாருக்கும் ஒரே மாதிரி நன்மை வராது. கூட்டம் கூடும் தெருவில் கடை வாடகை ஏறும், முதலில் நசுங்குவது அங்கேயே பல ஆண்டாகத் தரையில் விரித்து விற்றவர். சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-இல் அகலமான நடைபாதை திறந்தபோது நடக்கிறவர்களுக்குப் பெரிய நிம்மதி, ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கிருந்த நடைபாதை வியாபாரிகளைத் தனிக் கட்டடத்துக்குள் அனுப்பியிருந்தார்கள். ஈரோட்டில் சந்தையே தெருவில்தான் உயிரோடிருக்கிறது. அதை நான்கு சுவருக்குள் முழுசாக அடைத்தால், பார்க்க வருகிறவருக்கும் வாங்க வருகிறவருக்கும் ஈர்ப்பே போய்விடும்.

பேருந்து நிலையமும் இதில் வருகிறது. கரூர் ரோட்டில் சோலார் என்னும் இடத்தில் உள்ள புதுப் பேருந்து நிலையத்துக்குப் பஸ்கள் மாறும்போது நெரிசல் குறையும், நல்லது. அதே சமயம், நடுவூரில் இறங்கி ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போன பயணி ஊர் எல்லையிலேயே வண்டி மாறிப் போய்விடுவார். சோலாரிலிருந்து பன்னீர்செல்வம் பூங்காவுக்கு இரவு முழுக்க டவுன் பஸ் ஓடுமா என்ற கேள்வி சந்தைக்காரர்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

முடிவு யார் கையில்?

இவ்வளவு யோசனைகளும் ஏட்டிலேயே நிற்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. வாய்க்கால் நீர்வளத் துறையுடையது. மஞ்சள் ஏலக்கூடம் வேளாண் விற்பனைத் துறையிடம் இருக்கிறது. வெள்ளோடு வனத்துறை, கோயில்கள் அறநிலையத் துறை, வ.உ.சி. பூங்காவில் உள்ள அருங்காட்சியகம் இன்னொரு துறை, பெரியார் - அண்ணா நினைவகம் செய்தித் துறை. கழிவை நிறுத்தச் சொல்ல வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இத்தனை பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துத் தேதி குறிக்கக்கூடியவர் மாவட்ட ஆட்சியர் ஒருவரே. நாட்காட்டியும் வாய்க்காலும் அவர் மேசையிலிருந்துதான் தொடங்க முடியும்.

மாநகராட்சி யாரையும் கேட்காமல் தானே செய்யக்கூடியது தெருவிளக்கும் கழிப்பறையும் நடைபாதையும் கடை உரிமமும். ரயில் நிலையத்திலிருந்து பன்னீர்செல்வம் பூங்கா வரை இரண்டு கிலோமீட்டர் போலத்தான் இருக்கும். அந்த ஒரு பாதையை மட்டும், மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இரவு இரண்டு மணிக்குத் தனியாக நடக்கலாம் என்னும் அளவுக்குச் சரிசெய்தால், பிளாட்பாரத்தில் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பவர் ஊருக்குள் வருவார், சந்தைக்கு வந்தவர் விடியும் வரை இருப்பார். அதற்கு ஒரு நிதியாண்டின் சாலைப் பராமரிப்பு ஒதுக்கீட்டிலிருந்தே தொடங்கலாம்.